வால்வும் வாய்ப்பந்தலும்

"வால்வின் ஒலியில் ஒரு வெதுவெதுப்பு உண்டு, டிரான்சிஸ்டரில் அது வராது." ஐதராபாத்தின் கருத்தரங்குகளிலும் வீட்டு இசைக் கூடுகைகளிலும் இவ்வாக்கியத்தை இப்போது அடிக்கடி கேட்க நேர்கிறது. சொல்பவர் பெரும்பாலும் நன்கு கற்றவர். அவர் சொல்லும் அடுத்த வாக்கியமும் அனேகமாக மாறுவதில்லை: "பவர் வால்வை மட்டும் மாற்றிப் பாருங்கள், வேறோர் உலகம் திறக்கும்." முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது வாக்கியம், அது சொல்லப்படும் விதத்தில், ஆபத்தானது. ஒரு பெருக்கியை எரிக்கவும், கவனமற்றவர் உயிரைப் பறிக்கவும் அது போதும்.

இப்பதிவு நீளமானது, பொறுமையுடன் படிக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் வாதம் சுருக்கமானது. பவர் வால்வை மாற்றுவது இரசனை சார்ந்த செயலாகப் பேசப்படுகிறது. அது முதலில் கணக்கு சார்ந்த செயல். அந்தக் கணக்கை இந்நாட்டில் கைவசம் வைத்திருந்தவர்கள் பட்டம் பெறாத மெக்கானிக்குகள். அவர்களுடைய அறிவைப் பதிவு செய்யத் தவறிய நாம், வால்வு விற்பவரின் விளம்பரச் சொற்களை ஆய்வுச் சொற்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இதற்கு மானுடவியல், இலக்கியத் துறைகளும் பொறுப்பு. இயற்பியல், மின்னணுவியல் துறைகளும் பொறுப்பு.

1. காலமைப்பு ஒன்று, தேவை வேறு

பெருக்கியின் கடைசிக் கட்டத்தில் நின்று ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றலை வழங்குவது பவர் வால்வு. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் இழையின் சூட்டால் எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. பிளேட் எனப்படும் நேர்மின்வாய் அவற்றை இழுத்துக்கொள்கிறது. இடையே நிற்கும் கிரிட் என்னும் கம்பிவலை, தன்மீது இடப்பட்ட எதிர் மின்னழுத்தத்தால் அந்த ஓட்டத்தை அடக்கி ஆள்கிறது. அந்த எதிர் மின்னழுத்தத்துக்குப் பெயர் பயாஸ். அது குறைந்தால் ஓட்டம் கட்டுமீறும். மிகுந்தால் ஓட்டம் வற்றிப்போகும். வால்வை மாற்றுவது பற்றிய பேச்சு எதுவாயினும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1936-இல் வெளியிட்ட 6எல்6, பிலிப்ஸ்–முல்லார்டு குடும்பத்தைச் சேர்ந்த ஈ.எல்.34, பிரிட்டனின் ஜி.இ.சி. வழியே 1950-களில் வந்த கே.டி.88 ஆகிய மூன்றும் எட்டுக் கால்கள் கொண்ட ஒரே வகைச் சாக்கெட்டில் அமர்பவை. ஒன்றைப் பிடுங்கி அவ்விடத்தில் மற்றொன்றைச் செருகலாம், கை தடுக்காது. இங்கேதான் பொறி இருக்கிறது. செருக முடிவதால் பொருந்திவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

எண்களைப் பாருங்கள். மூன்றின் இழைக்கும் 6.3 வோல்ட்தான். ஆனால் 6எல்6ஜிசி இழைக்கு 0.9 ஆம்பியர் போதும், ஈ.எல்.34-க்கு 1.5 ஆம்பியர் வேண்டும், கே.டி.88-க்கு 1.6 ஆம்பியர். பிளேட் தாங்கக்கூடிய வெப்ப ஆற்றல் 6எல்6ஜிசிக்கு 30 வாட், ஈ.எல்.34-க்கு 25 வாட். கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் 6எல்6-இன் மின்னோட்டம் ஏறத்தாழ 6 மில்லியாம்பியர் மாறும், ஈ.எல்.34, கே.டி.88 இரண்டிலும் ஏறத்தாழ 11 மில்லியாம்பியர் மாறும். ஈ.எல்.34-இல் முதலாவது கால் மூன்றாம் கிரிட்டுக்குரியது. அதை எதிர்மின்வாயின் எட்டாவது காலோடு இணைத்தாக வேண்டும். 6எல்6ஜிசியில் முதலாவது காலுக்கு வேலையே இல்லை. ஆகவே 6எல்6-க்காகக் கட்டப்பட்ட பல பெருக்கிகளில் அந்தக் கால் வெறுமனே கிடக்கும், அல்லது வேறொரு மின்தடையைத் தாங்கும் முளையாகப் பயன்பட்டிருக்கும். அந்தச் சாக்கெட்டில் ஈ.எல்.34-ஐச் செருகுபவர் தாம் என்ன செய்கிறோம் என்பதை அறியமாட்டார்.

2. எரிந்தது எது?

இந்நகரின் ஒரு கல்வி நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன்; பெயர் தேவையில்லை. பழைய ஒலிப்பதிவுகளை மாணவர்களுக்குக் கேட்டுக்காட்டப் பயன்பட்டுவந்த பெருக்கி ஒன்று அங்கே இருந்தது. நான்கு 6எல்6ஜிசி வால்வுகள் கொண்டது. வால்வுகள் தளர்ந்துவிட்டன என்பதால் மாற்ற முடிவாயிற்று. மாற்றும்போது "தரம் உயர்த்திவிடலாம்" என்று ஓர் ஆர்வலர் அறிவுரை வழங்க, நான்கு கே.டி.88 வால்வுகள் பெரும் விலையில் வரவழைக்கப்பட்டன. பெருக்கி மாலையெல்லாம் பாடியது. வந்தவர்கள் ஒலியின் "உடலை" வியந்தனர். பிறகு மின்மாற்றி புகைந்தது.

கணக்கு மிக எளிது. முன்பு நான்கு இழைகளும் சேர்ந்து 3.6 ஆம்பியர் இழுத்தன. இப்போது 6.4 ஆம்பியர். கூடுதல் 2.8 ஆம்பியர், 6.3 வோல்ட்டில் ஏறத்தாழ 17.6 வாட். அந்தப் பளு இழைச் சுற்றின் மெல்லிய கம்பிமேல் விழுந்தது. அதற்கு மேல், 6எல்6-க்காக வைக்கப்பட்டிருந்த பயாஸில் கே.டி.88 அதைவிட மிகுதியான மின்னோட்டத்தை இழுத்திருக்கும். அந்தச் சுமை உயரழுத்தச் சுற்றின்மேல். பயாஸை யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோப்பில் எழுதப்பட்ட காரணம்: "கருவி காலாவதியானது." கருவி பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. பல பத்தாண்டுகள் உழைத்த மின்மாற்றியை ஒரே மாலையில் எரித்தது முதுமை என்று முடிவுகட்டிய நிறுவனத்தில், நான்கு எண்களைக் கூட்டத் தெரிந்த இயற்பியல் பட்டதாரிகள் பலர் இருந்தனர். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களும் தாமாக வரவில்லை. ஒலி என்பது "பண்பாட்டுத் துறையின் பொருள்" என்று அவர்கள் நினைத்தனர். வால்வு என்பது "பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்ட பொருள்" என்றும் நினைத்தனர்.

3. முறை என்னவென்றால்

குறை சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போவது முறையன்று. பவர் வால்வை மாற்ற விரும்புவோர் செய்ய வேண்டியவை புரியாத மந்திரங்கள் அல்ல.

முதலில் சுற்றுப்படத்தையும் வால்வின் தரவுத்தாளையும் அருகருகே வைக்க வேண்டும். இழை மின்னோட்டம், பிளேட்டின் உச்ச மின்னழுத்தம், கால்களின் இணைப்பு, வெளியீட்டு மின்மாற்றி எதிர்பார்க்கும் மின்மறுப்பு ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டும். ஒன்று இடித்தாலும் மாற்றத்தைக் கைவிட வேண்டும். அல்லது சுற்றை முறையாகத் திருத்த வேண்டும்.

அடுத்தது பயாஸ். எதிர்மின்வாயில் மின்தடை வைத்துத் தன்னைத்தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும் அமைப்பு ஒன்று. தனி எதிர் மின்னழுத்தத்தைக் கிரிட்டுக்கு ஊட்டும் அமைப்பு மற்றொன்று. இதற்கு ஆங்கில வழக்கில் "ஃபிக்சட் பயாஸ்" என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்: ஒவ்வொரு முறை வால்வை மாற்றும்போதும் திருத்தி வைக்க வேண்டியது இந்த "நிலைத்த" பயாஸைத்தான். ஓர் எடுத்துக்காட்டு. பிளேட்டில் 430 வோல்ட் நிற்கிறது, வால்வு ஈ.எல்.34 என்று கொள்வோம். தாங்கும் எல்லையான 25 வாட்டில் 70 விழுக்காட்டை, அதாவது 17.5 வாட்டை, ஓய்வுநிலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். 17.5-ஐ 430-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 40 மில்லியாம்பியர். எதிர்மின்வாயோடு 1 ஓம் மின்தடை தொடராக இருந்தால், அதன் இரு முனைகளுக்கிடையே சாதாரண மல்டிமீட்டர் ஏறத்தாழ 40 மில்லிவோல்ட் காட்டும். பள்ளிக்கூடத்தில் கற்ற ஓம் விதியைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை.

மூன்றாவது, சுவரிலிருந்து வரும் மின்சாரம். 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்ட பழைய மின்மாற்றிக்கு 240 வோல்ட் வந்தால் 6.3 வோல்ட் இழை 6.87 வோல்ட்டில் எரியும். பிளேட் அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறும். இரவில் மின்னழுத்தம் உயரும் தெருவில் வசிப்பவர், பகலில் திருத்திய பயாஸை இரவிலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காவது, உயிர். இத்தகைய பெருக்கியின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் நிற்கும். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் அதைத் தம்முள் வைத்திருக்கும். தகுந்த மின்தடை வழியே வடித்து, மீட்டரில் அது வடிந்ததைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஒலிபெருக்கியை இணைக்காமல் வால்வு பெருக்கியை இயக்கக் கூடாது; வெளியீட்டு மின்மாற்றியில் எழும் மின்னழுத்தம் அதன் காப்பைத் துளைத்துவிடும். "மாற்றிப் பாருங்கள், உலகம் திறக்கும்" என்று சொல்பவர் இந்த நான்கையும் சொல்லாவிட்டால், அவர் வழங்குவது அரைகுறை அறிவுரை.

4. வெதுவெதுப்பின் உடற்கூறு

"அப்படியானால் வால்வை மாற்றினால் ஒலி மாறவே மாறாதா?" என்று கேட்பீர்கள். மாறலாம். எப்போது, ஏன் மாறுகிறது என்பதைச் சொல்ல வேண்டிய கடமை அதைப் பற்றிப் பேசுபவருக்கு உண்டு. "வெதுவெதுப்பு" என்ற ஒரு சொல்லை வீசிவிட்டு அக்கடமையிலிருந்து தப்பிவிட முடியாது.

பழைய வால்வு பெருக்கிகள் பலவற்றின் வெளியீட்டு மின்மறுப்பு ஓரிரு ஓம் அளவுக்கு இருக்கும். ஒலிபெருக்கியின் மின்மறுப்போ அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறியிறங்கும். 8 ஓம் என்று அச்சிடப்பட்டது அடிச்சுர ஒத்ததிர்வில் 32 ஓமைத் தொடக்கூடும். பெருக்கியின் மின்மறுப்பு 2 ஓம் என்றால், 8 ஓம் பகுதிக்கும் 32 ஓம் பகுதிக்கும் இடையே ஏறத்தாழ 1.4 டெசிபல் வேறுபாடு உண்டாகும். காது அதை உணரும். "அடிச்சுரம் நிறைந்திருக்கிறது" என்று சொல்லும். இது ஓம் விதி செய்யும் வேலை. வால்வின் ஆன்மா இதில் எங்கும் தலையிடவில்லை. அத்தோடு, எல்லைக்கருகே இயக்கப்படும் வால்வு தன் பங்குக்கு மேற்சுரங்களைச் சேர்க்கிறது; அவற்றின் வரிசை வால்வுக்கு வால்வு, சுற்றுக்குச் சுற்று மாறுபடும். இதுவும் அளக்கத்தக்கதே.

வெதுவெதுப்புக் கட்சியினர் வழக்கமாகக் காட்டும் சான்று, ரஸ்ஸல் ஹாம் 1973-இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை. அதைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஹாம் ஆராய்ந்தது ஒலிப்பதிவுக்கூடத்தில் மைக்கிலிருந்து வரும் குறிகையைப் பெருக்கும் முன்பெருக்கிகளை, அதுவும் அவை தாங்கும் அளவுக்கு மேல் உந்தப்படும் நிலையில். வீட்டில் மிதமான ஒலியில் பாட்டுக் கேட்பவரின் பவர் வால்வைப் பற்றி அக்கட்டுரை எதையும் நிறுவவில்லை. தலைப்பை மட்டும் பார்த்து மேற்கோள் காட்டும் நம் பழைய வழக்கம் இங்கும் வேலை செய்கிறது.

எதிர்த்தரப்பில் இருப்பதையும் பாருங்கள். 1985-இல் ஸ்டீரியோஃபைல் இதழின் சவாலை ஏற்ற பாப் கார்வர், தம் டிரான்சிஸ்டர் பெருக்கி ஒன்றை உயர்விலை வால்வு பெருக்கி போல ஒலிக்கச் செய்தார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சும் வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் இதழாளர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. 1987-இல் ஸ்டீரியோ ரிவியூ வெளியிட்ட சோதனையில், எது ஒலிக்கிறது என்று அறியாமல் கேட்டவர்கள், பெருவிலை வால்வு பெருக்கி உள்ளிட்ட பலவற்றைப் பிரித்தறிவதில் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சிறப்பாகச் செயல்படவில்லை.

இன்னொரு வரலாற்றுச் செய்தி இதைவிட முக்கியமானது. வால்வுக் காலத்தின் பெரும் வடிவமைப்பாளர்கள் "வெதுவெதுப்பை" வளர்க்க உழைக்கவில்லை. அதை ஒழிக்க உழைத்தார்கள். டி.டி.என். வில்லியம்சன் 1947-இல் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் வெளியிட்ட பெருக்கி, இரண்டு கே.டி.66 வால்வுகளைக் கொண்டு 15 வாட்டில் 0.1 விழுக்காடு என்ற அளவுக்குத் திரிபைக் கட்டுப்படுத்தியது. எதிர்ப் பின்னூட்டத்தால் ஒவ்வொரு மேற்சுரத்தையும் துரத்தியடித்ததுதான் அதன் புகழ். எதைக் குறை என்று அவர்கள் கண்டார்களோ, அதையே அவர்கள் கொடை என்று நாம் வழிபடுகிறோம்.

கிதார் இசைக்கலைஞர்களுக்கு இதில் விலக்கு உண்டு. அவர்களுக்குப் பெருக்கி இசைக்கருவியின் ஒரு பகுதி. திரிபே அவர்கள் தேடும் ஒலி. 6எல்6-ஐயும் ஈ.எல்.34-ஐயும் அவர்கள் இரசனையால் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பயாஸ் அவர்களுக்கும் விலக்கு அளிப்பதில்லை. கருநாடக இசைக் கச்சேரியின் பதிவைக் கேட்பவர் நிலை வேறு: பாடகர் பாடாத மேற்சுரங்களைத் தம் பெருக்கி சேர்க்கிறதா என்பதை அறிய அவர் கடமைப்பட்டவர்.

5. முல்லார்டு எங்கே செய்யப்படுகிறது?

வெதுவெதுப்பின் பின்னே ஒரு சந்தை இருக்கிறது. பயன்படுத்தப்படாத பழைய இருப்பு என்று பொருள்படும் "என்.ஓ.எஸ்." முத்திரை ஒட்டினால் ஒரு வால்வின் விலை பன்மடங்காகிறது. முல்லார்டு என்ற பெயரைக் கேட்டால் நம் ஆர்வலர்கள் உருகுகிறார்கள். அசல் முல்லார்டு வால்வுகள் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிளாக்பர்ன் ஆலையில், பெருமளவு பெண் தொழிலாளர்களின் நுண்ணிய கைவேலையால் உருவானவை. இன்று "முல்லார்டு" என்று அச்சிட்டுப் புதிதாக விற்கப்படும் வால்வு ரஷ்யாவின் சரத்தோவ் நகர ஆலையில் பிறக்கிறது. "டங்-சோல்", "ஜெனலெக்ஸ் கோல்டு லயன்" என்ற பழம்பெயர்களும் அதே நிறுவனத்தின் கையில் உள்ளன; அந்த வால்வுகளும் அதே ஊரிலிருந்துதான் வருகின்றன. சரத்தோவ் வால்வு மட்டமானது என்று நான் சொல்லவில்லை; நன்றாகவே உழைக்கிறது. ஆனால் மூன்று பெயர்களுக்கும் மூன்று "குணச்சித்திரங்கள்" எழுதுவோர் தாம் எதைக் கேட்கிறோம், எதை வாசிக்கிறோம் என்று பிரித்தறிய வேண்டும். 2022-இல் போர் மூண்டு ரஷ்ய ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது, உலகெங்கும் வால்வு விலை ஏறியதை நினைவுகூருங்கள். ஸ்லோவாக்கியாவின் ஜே.ஜே. ஆலை, சீன ஆலைகள், ரஷ்ய ஆலை என்று விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களே எஞ்சியுள்ள சந்தை அது.

நம் நாட்டுக் கதை இதைவிட வருத்தத்துக்குரியது. பெங்களூருவில் 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வானொலிகளுக்கான வால்வுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. "பெல்" முத்திரையுடன் வந்த ஈ.எல்.84 எத்தனையோ வீடுகளில் செய்தியும் பாட்டும் ஒலிக்கக் காரணமாயிற்று. அன்று அதை "உள்நாட்டுச் சரக்கு" என்று இகழ்ந்தோம். இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குவதைக் கண்டபின், அதிலும் ஒரு வெதுவெதுப்பைக் கண்டுபிடித்துவிட்டோம். அந்த வால்வைச் செய்தவர்களின் நினைவுகளைத் திரட்டுவதற்கு மட்டும் நமக்கு நேரம் வாய்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் முதுமையை எட்டிவிட்டனர் என்பதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆண்டுகளைக் கழித்தாலே போதும்.

6. ஒரு நகரம், இரண்டு காலவரிசைகள்

ஐதராபாத்துக்கு இதில் தனி இடம் உண்டு. நிஜாம் ஆட்சியில் 1935 பிப்ரவரி 3 அன்று டெக்கான் ரேடியோ 200 வாட் ஆற்றலுடன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 அன்று அது இந்திய அரசின் வசம் வந்து அகில இந்திய வானொலியாயிற்று. இடைப்பட்ட 15 ஆண்டுகளிலும், அரசர் குரலானாலும் கவ்வாலி பாடகர் குரலானாலும், காற்றில் ஏறியது பவர் வால்வுகள் வழியேதான். தேய்ந்த வால்வை அணைத்து, எடுத்து, புதியதைப் பொருத்தி, மின்னோட்டத்தைத் திருத்தி, குறித்த நேரத்தில் நிலையத்தை ஒலிக்கவைத்தவர்கள் இருந்தார்கள். டெக்கான் ரேடியோவின் நிகழ்ச்சிகளையும் அரசியலையும் ஆராயும் மாணவர்களே, அவர்களை எந்த ஏட்டில் தேடப்போகிறீர்கள்?

"வால்வுக் காலம் முடிந்தது, டிரான்சிஸ்டர் காலம் தொடங்கியது" என்ற காலவரிசையும் கைவிடத்தக்கது. 1967-இல் இந்நகரில் ஈ.சி.ஐ.எல். நிறுவப்பட்டது, குறைகடத்திகளால் இயங்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளை இந்தியர்களுக்கு அறிமுகப்படுத்திய பெயர்களுள் அதுவும் ஒன்று. அதே 1967-இல்தான் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒலிபரப்பு வால்வுகளின் உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் அதே நிறுவனம் சிலிக்கான் கருவிகளையும் ஒருங்கிணைந்த சுற்றுகளையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இரண்டு காலங்களும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. இன்றும் நுண்ணலை அடுப்பில் உணவைச் சூடாக்குவது மேக்னெட்ரான் என்னும் வெற்றிடக் குழலே; பிலானியிலுள்ள சீரி ஆய்வகம் நுண்ணலை வால்வுகளில் இன்றும் ஆய்வு செய்கிறது. புதியன வந்த நாளை எண்ணாமல் பழையன பயன்பட்ட நாளை எண்ணுங்கள் என்று டேவிட் எட்ஜர்டன் 2006-இல் எழுதிய நூலை நம் துறைகள் பாடமாக வைக்கின்றன. வைத்த பின்பும் வால்வை "இழந்த உலகம்" என்றே எழுதுகின்றன.

7. மெக்கானிக்கை எங்கே வைத்தோம்?

தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து ஆய்வு செய்பவர்களுக்கு மைக்செட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆடி மாதக் கூழ் ஊற்றலிலிருந்து தேர்தல் கூட்டம் வரை, மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும் கீழே மேசைமேல் கனன்றுகொண்டிருக்கும் வால்வு பெருக்கியும் பல ஊர்களின் நினைவில் உண்டு. மேடைத்தமிழைப் பற்றி பெர்னார்டு பேட் 2009-இல் அருமையான நூலொன்றைத் தந்தார். அத்தகைய ஆய்வு மேடைக்குப் பின்புறமும் நீள வேண்டும். அங்கே ஒருவர் பெருக்கியருகே விழித்திருந்தார். பிளேட் செவ்வரி பாய்ந்து சிவக்கிறதா என்று பார்த்தார். சிவந்தால் மின்னோட்டம் மிகுந்துவிட்டது. கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சு வெளுத்துவிட்டதா என்று பார்த்தார். வெளுத்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. கண்ணாடியில் படரும் மெல்லிய நீலம் தீங்கற்றது என்பதையும், மின்வாய்களுக்கிடையே பரவும் ஊதா மூட்டம் வால்வின் சாவு என்பதையும் வேறுபடுத்தி அறிந்திருந்தார். பழுது பார்த்த பெருக்கியை நேரே மின்சாரத்தில் இணைக்காமல், 100 வாட் விளக்கொன்றைத் தொடராகப் போட்டு இணைத்தார். விளக்கு முழுதாக எரிந்தால் உள்ளே குறுக்குச்சுற்று இருக்கிறது. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பாதுகாப்பும் அதுவே, அளவுகோலும் அதுவே.

"அவர்கள் காதால் கேட்டே மாற்றினார்கள், அளக்கவில்லை" என்று நம்மவர் எழுதுவதைப் பார்க்கிறேன். பாராட்டுப் போலத் தோன்றும் இவ்வாக்கியம் உண்மையில் அவமதிப்பு. மேற்கண்டவை யாவும் அளவீடுகள். அளவிட்டவரின் கையில் பட்டம் இல்லாததால் அவற்றை "உள்ளுணர்வு" என்று பெயர் மாற்றுகிறோம். மறுபக்கத்தில், இழையின் செந்நிறத்தைக் கண்டு வால்ட்டர் பெஞ்சமினின் ஒளிவட்டத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதுபவருக்கு, இழையின் நிறமும் பிளேட்டின் நிறமும் ஒன்றல்ல என்பது தெரியாது. அவர் எழுதுவது ஆய்வு. மெக்கானிக் சொல்வது "தகவல்". கோட்டியின் குஜராத்தி கல்லியிலும் சென்னை ரிட்சி தெருவிலும் உதிரிபாகம் விற்கும் முதியவர்களிடம் நாம் விலை கேட்டிருக்கிறோம். வேறு என்ன கேட்டோம்?

8. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

"அனுபவத்தை எண்ணுக்குள் அடைக்கிறீர்கள், இது காலாவதியான நேர்க்காட்சிவாதம்" என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். கேட்பவர் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. மங்கிய அறையில் வால்வு கனல்வதைப் பார்த்துக்கொண்டு எம்.டி.ராமநாதனைக் கேட்பது இன்பமே. அந்த இன்பத்தில் காட்சிக்கும் நினைவுக்கும் செலவழித்த பணத்துக்கும் பங்குண்டு என்று எழுதுங்கள். அது நல்ல பண்பாட்டு ஆய்வாகும். அவ்வின்பத்தின் காரணம் வால்வின் இயற்பியலில் இருக்கிறது என்று எழுதும் கணத்தில் நீங்கள் இயற்பியலுக்குள் நுழைந்துவிட்டீர்கள். நுழைந்தபின் அங்குள்ள விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டு பெருக்கிகளின் ஒலியளவைச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்பதை மறைத்து, பலமுறை கேட்கவைத்து, விடைகளை எண்ணுவது கடினமான செயலன்று. ஒரு முதுகலை வகுப்பு ஒரு பிற்பகலில் செய்துவிடலாம்.

9. கேட்பது என்ன?

முதலாவது: நம் நிறுவனங்களின் கிடங்குகளிலும் கேளரங்குகளிலும் வானொலி நிலையங்களிலும் எஞ்சியுள்ள வால்வுக் கருவிகளைப் பட்டியலிடுங்கள். சுற்றுப்படத்தோடும் அளவீட்டுக் குறிப்போடும் பட்டியலிடுங்கள். சுற்றுப்படம் இல்லையென்றால் மாணவர்களைக் கொண்டு கம்பி கம்பியாகப் பார்த்து வரையுங்கள். அதுவரை பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள், வால்வையும் மாற்றாதீர்கள்.

இரண்டாவது: மெக்கானிக்குகளின் வாய்மொழி வரலாற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் தக்கனி உருதுவிலும், கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு, பதிவு செய்யுங்கள். பதிவின் முதல் ஆசிரியராக அவர் பெயர் வரட்டும்.

மூன்றாவது: இயற்பியல், மின்னணுவியல் துறைகள் ஒரேயொரு ஆய்வக வகுப்பையாவது வால்வுக்கு ஒதுக்கட்டும். பழமை மீதுள்ள பற்றினால் இதைக் கேட்கவில்லை. எலெக்ட்ரான் ஓட்டத்தை ஒரு மின்னழுத்தம் கட்டுப்படுத்துவதைக் கண்ணாடிக்குள் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் கருவி வேறு எது?

நான்காவது: வெதுவெதுப்பு, உடல், ஆன்மா என்ற சொற்களைக் கட்டுரையில் எழுதும் முன், எந்த வால்வு, எந்தச் சுற்று, எந்தப் பயாஸ், எந்த ஒலிபெருக்கி என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அச்சொல்லையும் எழுதாதீர்கள். ஆய்வேட்டை மதிப்பிடுவோரும் இதைக் கேளுங்கள்.

மறுப்பு எழுதுவோரை வரவேற்கிறேன். உங்கள் பெருக்கியின் பிளேட் மின்னழுத்தத்தையும் எதிர்மின்வாய் மின்னோட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். அளக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மீட்டரோடு உங்கள் தெருவின் பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் போங்கள், அவர் கற்றுத்தருவார். கற்றுத்தந்ததற்கு அவருக்குரிய கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.